சொந்தத் தோட்டத்து சில்வர் ஓக்கில் மூன்று குதிரைக்கு லாயம்: ஏற்காட்டில் அறுவை, அளவு, கூரை, தரை

#1 காபிமேடு

இடம் ஏற்காட்டுப் பக்கம், 4,500 அடி உயரம். காபிக்கு நிழலா வச்ச சில்வர் ஓக் 30 மரம் ஒதுக்கியிருக்கேன். நெஞ்சு உயரத்துல சுற்றளவு 4 அடிக்கு மேல. மிளகுக்கொடி ஏறாத மரமா பார்த்து எடுத்தது. பலா ரெண்டு இருக்கு.

குதிரை மூணு, கத்தியவாரி இனம், உயரம் 14½ கை (ஒரு கை 4 அங்குலம்). 12க்கு 12 அறை மூணு, ஓரத்துல அதே அளவுல தீவன அறை ஒண்ணு, முன்னாடி 10 அடி தாழ்வாரம். மொத்தம் 48க்கு 22. மங்களூர் ஓடு.

திட்டம் இதுதான்: 6×6 தூண், 3 அடி குழி, அடியில தார் பூசி நட்டு கான்கிரீட். கைமரம் (கூரைச் சரிவுச் சட்டம்) 4×2, இரண்டரை அடிக்கு ஒண்ணு. சுத்துப் பலகை 1 அங்குலம், ஆணி அடிச்சு. வெட்டி ஒரு மாசத்துல வேலை ஆரம்பிக்கணும். எங்க தப்பு இருக்குன்னு சொல்லுங்க.

#2 உளிச்சத்தம்

தப்பு எங்க இல்லைன்னு கேட்டிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும் :)

அளவு நல்லா இருக்குங்க. மரத்தைப் பத்தின கணக்குதான் ஒதைக்குது.

தூண் முதல்ல. சில்வர் ஓக்கை மண்ணுல நடாதீங்க. பார்க்க நல்லா இருக்கும், பாலிஷ் போட்டா பட்டு மாதிரி கோடு வரும், ஆனா மண் ஈரம் பட்டா நிக்காது. தார் பூசினாலும் அடிவெட்டு வழியா ஈரம் ஏறும், கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவுல விழுற மயிரிழைச் சந்துல தண்ணி தேங்கும். அந்த வளையத்துலதான் அழுகல் ஆரம்பிக்கும். மேல இருந்து பார்த்தா தூண் கல்லு மாதிரி இருக்கும், தரைக்கு நாலு விரல் கீழே பேனாக்கத்தி முழுசா இறங்கும். கரையானுக்கும் அதுதான் வாசல்.

நம்ம பக்கம் கல்லுக்கு என்ன பஞ்சம்? 9 அங்குலச் சதுரத்துல கல்கால் வாங்கி நடுங்க. தரைக்கு மேல ஒன்றரை அடி நிக்கட்டும். தலையில துளை போட்டு 6 மி.மீ. இரும்புப் பட்டையில செஞ்ச காலணி (தூணோட அடியைப் பிடிக்கிற கூடு) இறக்குங்க, அது மேல மரத்தூண், குறுக்கே ரெண்டு 12 மி.மீ. போல்ட். காலணிக்குள்ள தண்ணி நிக்காம அடியில ஒரு ஓட்டை வேணும். தூணோட அடிவெட்டு கல்லைத் தொடாம அரை அங்குலம் தூக்கி நிக்கணும்.

இப்படி நிறுத்தினா தூண் தானா நேரா நிக்காது. மண்ணுல நட்ட தூணுக்கு இருக்கிற பிடிமானம் இதுக்கு இல்ல. ஆடிக்காத்து வாங்குற மேடுன்னா ஒவ்வொரு தூணுக்கும் 45 பாகையில முட்டுச் சட்டம் ரெண்டு திசையிலயும் வேணும். அறைக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, சுவர்க் கோட்டுக்குள்ளயே வரணும். தலையைத் தூக்குற குதிரை கண்ணுல குத்திக்கும்.

#3 கனஅடி

கைமரக் கணக்கு. உங்கள் கூரையின் பின்சரிவில் கைமரத்துக்குக் கிடைமட்டத் தாவல், அதாவது தாங்கல் இல்லாத நீளம், 12 அடி. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 பிடிக்கும். ரீப்பரையும் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) கைமரத்தையும் சேர்த்தால் சதுர மீட்டருக்கு 50 கிலோவைத் தாண்டும், நனைந்தால் இன்னும் கூடும். 4×2 கைமரம் இரண்டரை அடி இடைவெளியில் 12 அடி தாவினால் உடனே உடையாது. ஆனால் இரண்டு மழைக்காலத்தில் தொட்டில் மாதிரி தொங்கும். தொங்கினால் ஓட்டின் நாக்கு ஒன்றை ஒன்று விட்டு விலகும், ஒழுகும். 6×2½ போட்டு 2 அடிக்கு ஒன்று வையுங்கள். 4×2 தான் வேண்டும் என்றால் நடுவில் ஒரு தாங்கு விட்டம் கொடுத்துத் தாவலை 6 அடியாகக் குறைக்க வேண்டும்.

கூரையை இப்படி அமைத்தால் வேலை எளிது. மூன்று வரிசைத் தூண்: பின்சுவர், அறைகளின் முன்கோடு, தாழ்வார ஓரம். முகட்டை நடு வரிசைக்கு நேர் மேலே வையுங்கள். சரிவு அடிக்கு 7 அங்குலம், அதாவது சுமார் 30 பாகை. பின்விட்டம் 9 அடி என்றால் முகடு 16 அடி, தாழ்வார விட்டம் 10 அடி 2 அங்குலம். முகட்டு விட்டத்தைத் தூணே தாங்குவதால் கைமரங்கள் சுவரை வெளியே தள்ளாது. முக்கோணச் சட்டமும் தேவையில்லை. தச்சருக்குப் பாதி வேலை மிச்சம்.

அறுத்த மரத்தின் கணக்கு, கன அடியில்:

தூண் 15, 6×6: 38
முகட்டு விட்டம் 9×5, ஓர விட்டங்கள் 8×4: 40
கைமரம் 6×2½, பின்பக்கம் 16 அடியில் 27, முன்பக்கம் 14 அடியில் 27: 84
ரீப்பர் 2×1½, சுமார் 1,560 ஓட்ட அடி: 33
உதைபலகை (அறைகளைச் சுற்றி, குதிரையின் உதை தாங்கும் பலகை) 2 அங்குலம், நாலரை அடி உயரம்: 81
தீவன அறை, கதவு, முட்டு: 50

சேர்த்தால் 326. கழிவோடு 350 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உருட்டு மரத்துக்கு: நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144ஆல் வகுங்கள். நெஞ்சு உயரத்தில் 48 அங்குலம் இருக்கும் மரம் 30 அடித் தண்டின் நடுவில் 42 தான் இருக்கும். 10½ × 10½ × 30 ÷ 144 = 23 கன அடி. இந்தக் கணக்கில் அறுத்தால் நூற்றுக்கு 60 கைக்கு வரும். 350க்கு 580 கன அடி உருட்டு மரம், அதாவது 25 மரம். உங்களிடம் 30 இருக்கிறது. கோணலும் பொந்தும் போக மீதி சரியாக இருக்கும், தாராளமாக இல்லை.

ஓடு 2,400 சொல்லிவிடுங்கள், உடைசலும் சேர்த்து. மோட்டு ஓடு தனி.

#4 வழிச்சீட்டு

கோடாரிக்கு முன்னாடி காகிதம். ஏற்காடு மலைப்பகுதி என்பதால் 1955ஆம் வருட மரங்கள் பாதுகாப்புச் சட்டம் சொந்த நிலத்துக்கும் பொருந்தும். சில்வர் ஓக் நாம் நட்டதுதானே என்று வெட்ட முடியாது. மாவட்டக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். மரத்துக்கு எண் போட்டு, சுற்றளவு எழுதி, பட்டா, அடங்கலோடு விண்ணப்பம். சேலத்துக்கு இறக்கி மில்லில் அறுப்பதாக இருந்தால் வனத்துறையிடம் வழிச்சீட்டு (மரம் கொண்டுபோகும் அனுமதி) பற்றியும் அதே தடவை கேட்டு முடித்துவிடுங்கள். லாயத்துக்கும் கட்டட அனுமதி வேண்டும், மலைக் கிராமங்களுக்கு விதி தனி. ஈட்டி, சந்தனம் வரிசையில் நின்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதையெல்லாம் தனியாக விசாரிக்க வேண்டும்.

தை மாதம் வெட்ட வேண்டும் என்றால் ஆடியிலேயே விண்ணப்பம் போடுங்கள்.

#5 சாமில்தூசி

ஒரு மாசத்துல வேலைங்கிறதை மறந்துருங்க.

காபிப் பழம் பறிச்சு முடிஞ்சதும், பூ மழைக்கு (காபியைப் பூக்க வைக்கிற கோடை மழை) முன்னாடி வெட்டணும். தை கடைசி, மாசி. அப்பதான் மரம் விழுந்து காபிச்செடி ஒடிஞ்சாலும் நஷ்டம் குறைவு. முதல்ல கிளையைக் கழிச்சு, கயிறு போட்டு, வரிசைச் சந்துல விழ வைங்க.

விழுந்த மரத்தைத் தோட்டத்துல போட்டு வைக்காதீங்க. வெள்ளைப் பகுதியில (தண்டோட வெளிவட்டம்) பூஞ்சையால நீலம் பாய்ஞ்சிரும், உளு வண்டு முட்டை வச்சிரும். ஒரு வாரத்துக்குள்ள அறுக்கணும். அதுவரைக்கும் ரெண்டு வெட்டு முகத்துலயும் பழைய பெயின்டோ தாரோ கெட்டியா பூசுங்க, இல்லன்னா தலைப்பிளவு ஒரு அடி உள்ள போகும்.

அறுக்கிறதுக்கு முன்னாடி தண்டு முழுக்கக் கண்ணால தடவிப் பாருங்க. கம்பி வேலி, போர்டு ஆணி, மிளகுக்கொடி கட்டின பிணைக்கம்பி, எல்லாத்தையும் மரம் விழுங்கியிருக்கும். வெளியே ஒரு கருப்புப் புள்ளிதான் தெரியும். பேண்ட் சா பிளேடு ஒண்ணு போச்சுன்னா மில்காரர் உங்ககிட்டதான் வாங்குவாரு, நியாயந்தான்.

அடுக்கு போடுறது: தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கி, மட்டம் பார்த்த கட்டை மேல. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவுல 1×1 குச்சி, 2 அடிக்கு ஒண்ணு, ரெண்டு நுனியிலயும் கட்டாயம். குச்சி மேல குச்சி ஒரே நேர்கோட்டுல வரணும். ஒரு குச்சி நாலு விரல் தள்ளிப் போச்சுன்னா அந்த இடத்துல பலகை அலை மாதிரி வளைஞ்சு காயும். அப்புறம் எந்த இழைப்புளியும் அதை நிமிர்த்தாது. சில்வர் ஓக் வளையத்தை ஒட்டின வாட்டுல, நடுவிலிருந்து பட்டைக்குப் போற வாட்டை விட ரெண்டு மூணு மடங்கு சுருங்குற மரம், கோணிக்கும். அதனால அடுக்கு மேல கல்லு ஏத்துங்க, நல்ல கனமா. மேல தகரம் போதும். பக்கத்துல தார்பாய் சுத்தினா பூஞ்சைதான் வளரும்.

மலை மேலயே காய வச்சா பங்குனி, சித்திரையில பூ மழை, அப்புறம் மூடுபனி. இரண்டு அங்குலப் பலகை ஆறு மாசமாச்சும் ஆகும். பலகையை மட்டும் சேலத்துக்கு இறக்கி நிழல்ல அடுக்கினா மூணு, நாலு மாசத்துல தேறும். வெயில்ல வேண்டாம், மேல் முகம் மட்டும் காய்ஞ்சு வெடிக்கும். 6×6 தூணுக்குக் காத்திருக்காதீங்க. அது உள்ள வரைக்கும் காய ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். பச்சையாவே நிறுத்திட்டு போல்ட்டை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இறுக்குங்க. வெடிப்பு வரும், நீளவாட்டு வெடிப்பு தூணுக்கு ஒண்ணும் பண்ணாது.

#6 காபிமேடு

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். தேய்பிறையில வெட்டினா உளுக்காதுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க, அதுல விஷயம் இருக்கா? அப்புறம் தூணைப் பச்சையா நிறுத்தலாம்னா உதைபலகையையும் பச்சையா போட்டா என்ன?

#7 சாமில்தூசி

உளு வண்டு தேடி வர்றது வெள்ளைப் பகுதியில இருக்கிற மாவுச்சத்துக்கு. பிறை பார்த்து வெட்டி மூணு வாரம் காட்டுல கிடந்த மரத்தை விட, எந்த நாள்ல வெட்டினாலும் மறுவாரமே அறுத்து மருந்துல முக்கின மரம் தப்பிக்கும். ரெண்டையும் செஞ்சா ஊர் வாயும் அடங்கும்.

#8 உளிச்சத்தம்

பச்சைப் பலகை கேள்விக்கு: 6 அங்குலப் பலகை ஒன்பது அடுக்கினா 54 அங்குலம், நாலரை அடி. காய்ஞ்சா அகலத்துல நூத்துக்கு நாலு, அஞ்சு போகும். மொத்தத்துல ரெண்டு, இரண்டரை அங்குலம். ஆணி அடிச்சிருந்தா ஒவ்வொரு பலகைக்கும் நடுவுல கால் அங்குலச் சந்து, இல்லன்னா ஆணிக்கோட்டுல பிளவு. அந்தச் சந்துலதான் வைக்கோல் துணுக்கும் மூத்திரமும் சேரும்.

அதனால ஆணி வேண்டாம். தூணோட பக்கத்துல ரெண்டு சட்டம் நிறுத்தி நடுவுல இரண்டேகால் அங்குலக் காடி விடுங்க. இல்லன்னா இரும்பு சேனல் போல்ட் பண்ணுங்க. பலகையை மேல இருந்து ஒண்ணொண்ணா காடியில இறக்குங்க. சுருங்கினா மொத்த அடுக்கும் கீழே உட்காரும், சந்து முழுக்க மேல ஒரே இடத்துல வரும். அங்க ஒரு பட்டை சொருகினா முடிஞ்சது. ஒரு பலகை உடைஞ்சா மேல் மூடியைக் கழட்டி உருவி, புதுசு போட அரை மணி நேரம். உதைபடுறது எப்பவும் கீழேயிருந்து மூணாவது, நாலாவது பலகைதான். அந்த அளவுல நாலு உபரி அறுத்து வச்சுருங்க.

ஒண்ணு ஞாபகம் வைங்க. காடியில சும்மா உட்கார்ந்திருக்கிற பலகை சட்டத்துக்குப் பிடிமானம் தராது. பலகை இருக்கே, முட்டுச் சட்டம் எதுக்குன்னு நினைச்சா காத்துல மொத்தமும் சாயும்.

#9 லாடம்

குதிரைப் பக்கத்திலிருந்து சில விஷயம்.

14½ கைக்கு 12க்கு 12 தாராளம். அதைக் குறைக்காதீர்கள், படுத்து எழும்போது சுவரோடு ஒட்டிப் படுத்தால் கால் மடக்க இடம் இல்லாமல் மாட்டிக்கொள்ளும். தடுப்பு கெட்டிப் பலகையாக நாலரை அடி, அதற்கு மேல் ஏழரை அடி வரை முக்கால் அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், நிமிர்ந்த வாக்கில், இடைவெளி 3 அங்குலத்துக்கு மேல் போகவே கூடாது. 4 அங்குலம் விட்டால் காற்று நன்றாக வரும் என்பார்கள். பின்னங்காலில் எழும்பும் குதிரையின் குளம்பு உள்ளே போய் மாட்டும், இழுத்தால் குளம்புக்கு மேல் உள்ள சதையே கிழியும். கதவுக்கு அடியில் விடும் சந்துக்கும் இதே அளவு.

1 அங்குலப் பலகை உதைக்கு நிற்காது. உடைந்த பலகையின் முனை ஈட்டி மாதிரி உள்ளே நீட்டும், ஆபத்து அதில்தான். 2 அங்குலம், நார் ஓட்டம் படுக்கை வாக்கில். வைரம் பாய்ந்த பலா கிடைத்தால் கீழ் நாலு பலகைக்கு அதைப் போடுங்கள். கேரியேஜ் போல்ட்டின் உருண்டைத் தலை குதிரைப் பக்கம், நட்டு வெளிப்பக்கம். அறைக்குள் கையை வைத்துச் சுற்றிலும் தடவினால் எதுவும் தட்டுப்படக் கூடாது.

கதவு 4 அடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கீழ்ப்பாதி நாலரை அடி. தாழ்ப்பாள் மேலே ஒன்று, காலால் தள்ளும்படி கீழே ஒன்று. மேல் தாழ்ப்பாளை மட்டும் நம்பினால் அதை நாக்கால் தள்ளிக் கழற்றக் கற்றுக்கொள்ளும், ஒரு வாரம் போதும்.

பிறகு கடி. சில்வர் ஓக் மெது மரம்தான், சும்மா நிற்கும் குதிரைக்கு அது கரும்பு. கதவு மேல்விளிம்பு, தடுப்பின் மேல் பலகை, தீவனத் தொட்டி ஓரம், தூணின் மூலைகள், பல் பிடிக்கும் எல்லா விளிம்புக்கும் 2 அங்குல எல்-ஆங்கிளோ மடித்த ஜி.ஐ. தகடோ போட்டு, திருகாணித் தலையைப் பதித்துவிடுங்கள். வேப்பெண்ணெய் தடவலாம் என்று சிலர் சொல்வார்கள். கசப்பு நாலு நாள், பிறகு பழகிவிடும்.

#10 தகரக்கொட்டாய்

ஏன் எல்லாரும் ஓட்டிலேயே நிக்கிறீங்க? கலர் ஷீட் போட்டா கைமரம் 84 கன அடி பாதியாகும், ரீப்பரே வேண்டாம், பர்லின் (ஷீட்டைத் தாங்குற நீளச் சட்டம்) நாலு வரிசை போதும். ஆறு டன் ஓட்டை 20 கொண்டை ஊசி வளைவு ஏத்தணும். குரங்கு வேற. ஏற்காட்டுக் குரங்கு ஓட்டைப் பிரிக்கிறது தெரியாதா?

#11 கனஅடி

செலவுக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இந்த உயரத்தில் மூடுபனி இரவில் ஷீட்டின் அடிப்பக்கம் வியர்க்கும். மூன்று குதிரையின் மூச்சும் மூத்திர ஈரமும் மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் பட்டு, விடிகாலையில் சொட்டும். படுக்கை நனையும், கைமரத்தின் மேல்முகம் கறுக்கும். ஐப்பசி அடைமழையில் தகரத்தின் சத்தம் வேறு. பழகாத குதிரை வட்டமடித்துக்கொண்டே இருக்கும். ஷீட்தான் என்றால் அடியில் நுரை ஒட்டிய ரகம் வாங்குங்கள், முகட்டில் நீளவாக்கில் 2 அங்குலமாவது காற்றுவழி விடுங்கள், காற்று பிய்க்காமல் ஒவ்வொரு பர்லினிலும் ஜே-போல்ட் போடுங்கள். ஓட்டில் பொருத்துகள் வழியே காற்று தானே போகும். இரண்டு முக்கோண முகங்களையும் பலகை போட்டு அடைக்காமல் கம்பி வலை மட்டும் அடித்தால் போதும்.

குரங்குக்கு: ஓர இரண்டு வரிசையையும் முகட்டை ஒட்டிய வரிசையையும் ஓட்டின் துளை வழியே செம்புக் கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுங்கள். லாயத்தின் மேல் தொங்கும் கிளையை வெட்டுங்கள். முழுசாகத் தடுக்க முடியாது. ஐம்பது ஓடு உபரியாக இருக்கட்டும்.

#12 தகரக்கொட்டாய்

நுரை ஒட்டினது எலிக்கும் அணிலுக்கும் மெத்தை. சரி, ஓடே போடட்டும். ஆனா ரீப்பர் இடைவெளியை வாங்கின ஓட்டை வச்சு அளந்து அடிங்க. ஒவ்வொரு சூளைக்கும் அரை அங்குலம் வித்தியாசம் இருக்கு. பன்னிரண்டரை அங்குலம்னு கண்ணை மூடி அடிச்சா பத்து வரிசைக்கு மேல நாக்கு உட்காராது.

#13 முந்திரித்தோல்

மருந்து பத்தி யாரும் பேசல. முந்திரிக்கொட்டை எண்ணெய் ரெண்டு கோட்டு அடிச்சா கரையான் கிட்டயே வராது. இயற்கையானது, குதிரைக்கும் ஆபத்தில்லை.

#14 லாடம்

இது தப்பான யோசனை, யாரும் பின்பற்ற வேண்டாம். முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டால் மனிதத் தோலே கொப்பளிக்கும். முந்திரிக்கொட்டையைச் சுட்டுடைப்பவர்கள் கையைப் பார்த்தாலே தெரியும். குதிரை உரசும், நக்கும், கடிக்கும் பலகையில் இயற்கை என்ற பெயரில் அதைப் பூசக் கூடாது. ஆர்சனிக் கலந்த பச்சை மருந்தும் லாயத்துக்குள் வேண்டாம்.

#15 சாமில்தூசி

போரான்தான் சரி. 100 லிட்டர் தண்ணிக்கு 3 கிலோ வெண்காரம், 2 கிலோ போரிக் ஆசிட். வெந்நீர்ல கரைச்சு அப்புறம் தண்ணி சேருங்க, பச்சைத்தண்ணியில கட்டி நிக்கும். செங்கல் அடுக்கி உள்ள கெட்டித் தார்பாய் விரிச்சா தொட்டி ரெடி. அறுத்த பச்சைப் பலகையை ஒரு வாரம் மூழ்க வச்சு, எடுத்து, குச்சி இல்லாம நெருக்கி அடுக்கி மூணு வாரம் தார்பாயால மூடுங்க. ஈரம் இருக்கும்போதுதான் மருந்து உள்ள நடக்கும், காய்ஞ்ச மரத்துல தோலோட நின்னுரும். அதுக்கப்புறம்தான் குச்சி வச்சுக் காய வைக்கணும்.

இது மழையில கரைஞ்சு போற மருந்து. கூரைக்குக் கீழ இருக்கிற மரத்துக்கு மட்டும்தான். மீந்த கரைசலைக் காபிக்கு அடியில ஊத்தாதீங்க. போரான் கொஞ்சம் உரம், கூடினா இலை ஓரம் கருகும். கடிக்கிற விளிம்புக்குத் தகடு போடணும்னு லாடம் சொன்னது மருந்துப் பலகைக்கு இரட்டிப்பா பொருந்தும்.

வெளிமுகத்துக்கு ஆளிவிதை எண்ணெய் மூணு கோட்டு, துணியில தேய்ச்சு. அந்தத் துணியைச் சுருட்டி மூலையில போட்டுட்டுப் போகாதீங்க. தானா சூடேறித் தீப்பிடிக்கும், அதுவும் மரத்தூள் கிடக்கிற இடத்துல. தண்ணி வாளியில போடுங்க, இல்லன்னா வெளியே விரிச்சுக் காய வைங்க.

#16 காபிமேடு

தரை? கான்கிரீட் போட்டுறலாம்னு கொத்தனார் சொல்றாரு. அறுத்த மரத்தூளையே படுக்கைக்குப் போடலாமா? காபித் தொண்டும் (பழத்தோல்) நிறைய கிடக்கு.

#17 லாடம்

காபித் தொண்டு வேண்டாம். அதில் காஃபின் இருக்கிறது, குதிரை மேயும். ஈரமானால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பச்சை மரத்தூளும் அப்படித்தான், காய்ந்த பிறகு மாவுத்தூசி நுரையீரலுக்கு ஆகாது. சில்வர் ஓக் தூள் சில ஆட்களுக்குத் தோல் அரிப்பும் கொடுக்கும். மருந்தில் முக்கிய மரத்தின் தூள், சீவல் எதுவும் உள்ளே வரவே கூடாது. வைக்கோல் அல்லது தூசி நீக்கிய தென்னை நார்க்கழிவு போடுங்கள்.

தரை: கான்கிரீட் தப்பில்லை, வெறும் கான்கிரீட்தான் தப்பு. குளிரும், வழுக்கும், குளம்புக்கும் மூட்டுக்கும் அடி. போட்டால் 4 அங்குலம், துடைப்பத்தால் கீறிய சொரசொரப்பு, மேலே 18 மி.மீ. ரப்பர் விரிப்பு. கான்கிரீட் இல்லாமலும் செய்யலாம்: 6 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, அதன் மேல் 4 அங்குலம் கிராவல் இரண்டு தடவையாகத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கி, மேலே விரிப்பு. விரிப்பு இல்லாத மண்தரையில் குதிரை தினமும் ஒரே இடத்தில் நீர் விடும், அங்கே சட்டி மாதிரிக் குழி விழும், அம்மோனியா நாற்றம் அதிலிருந்துதான் வரும். சரிவு 6 அடிக்கு 1 அங்குலம், முன்பக்கம் பார்த்து. வாய்க்கால் அறைக்கு வெளியே, திறந்ததாக, ஆழமில்லாமல். மூடிய குழாய் வைக்கோலால் அடைத்துக்கொள்ளும்.

சாணமும் நனைந்த படுக்கையும் சேர்த்து ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 20 கிலோவுக்குக் குறையாது. குழியைச் சரிவின் கீழே, கிணறு ஊற்றுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் மக்கியபின் காபிக்குப் போகட்டும்.

#18 வழிச்சீட்டு

சரிவில் மண் வெட்டி மட்டம் செய்தால் ஒரு பாதி வெட்டிய மண், மறுபாதி கொட்டிய மண். கல்கால் எல்லாம் வெட்டிய மண்ணில் நிற்க வேண்டும், அல்லது கொட்டிய மண்ணைத் தாண்டி இறங்க வேண்டும். இரண்டும் கலந்தால் முதல் மழைக்குப் பிறகு ஒரு பக்கம் இறங்கும், முதலில் கதவு மாட்டும். மேட்டுப் பக்கம் தடுப்புச் சுவருக்கும் லாயத்துக்கும் நடுவில் 4 அடி சந்தும் வாய்க்காலும் கட்டாயம். சுவரில் நீர்க்கசிவுத் துளை விடாமல் கட்டினால் கார்த்திகைக்குள் சுவர் வயிறு தள்ளும்.

#19 உளிச்சத்தம்

கரண்ட்டைப் பத்தி ஒரு வரி. ஒயரை ஜி.ஐ. குழாய்க்குள்ள, 8 அடிக்கு மேல. பிவிசியை எலி கடிக்கும். லைட்டுக்கு வலைக்கூடு, சுவிட்ச் அறைக்கு வெளியே, ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற கருவி) கட்டாயம். வைக்கோல் போரை இதே கூரைக்குக் கீழ ஏத்தாதீங்க, தீவன அறையில ஒரு வாரத்துக்கானது மட்டும். இடி அதிகமான மேடுன்னா இடிதாங்கியும் வைங்க.

#20 காபிமேடு

மாத்தின திட்டம்: ஆடியில விண்ணப்பம். தை கடைசியில வெட்டு, ஒரு வாரத்துல அறுவை, போரான் தொட்டி. பலகை சேலத்துக்கு, கைமரமும் ரீப்பரும் மலையிலயே தகரத்துக்குக் கீழ. வைகாசியில கல்கால், தூண், விட்டம். ஆவணிக்குள்ள கைமரம், ஓடு. தரை அதுக்கப்புறம், உதைபலகை கடைசி. பின்சுவர் நாலரை அடியைக் கருங்கல்லுல கட்டிட்டா 36 அடி நீளத்துக்குப் பலகை மிச்சமாகும்னு தோணுது. சரியா?

#21 உளிச்சத்தம்

வரிசை சரி. கல்சுவர் கட்டலாம், காத்துக்குப் பிடிமானமும் கிடைக்கும். ஆனா பலகை மிச்சமாகாதுங்க. குதிரை கல்லை உதைச்சா கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. உள்பக்கம் பலகை அப்படியே வேணும், கல்லுலிருந்து 2 அங்குலம் தள்ளி, பின்னாடி காத்து ஓடுற மாதிரி. ஒட்டிப் போட்டா கல்லு ஈரம் வாங்கிப் பலகை முதுகுல உளுக்கும், முன்னாடி இருந்து தெரியவே தெரியாது.

#22 லாடம்

அந்த 2 அங்குலச் சந்தின் மேல்வாயைத் தகடு போட்டு மூடுங்கள், கீழே மட்டும் திறந்திருக்கட்டும், அங்கங்கே தகட்டில் துளை போதும். மேலே திறந்து விட்டால் தீவனம் விழும், எலி குடி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

#23 காபிமேடு

தகடு போட்டுறேன். பலகைக் கணக்கு 81 அப்படியே இருக்கட்டும்.